முடிவுள்ள ஆட்டமும் முடிவிலா ஆட்டமும்: வீடியோ விளையாட்டுக்களின் அண்மைக்காலப் போக்கு

விளையாட்டை வீண்பொழுதென்று தள்ளிவிடும் வழக்கம் பழந்தமிழ் இலக்கண நூலார்க்கு இருந்ததில்லை. மெய்ப்பாடுகளை வகுத்துரைத்த தொல்காப்பியர், உவகை தோன்றுதற்குரிய நிலைக்களன்களாக நான்கனைக் கூறி, அவற்றுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். செல்வம், அறிவு, காதல் என்னும் பெரும்பொருள்களோடு விளையாட்டும் ஒரே வரிசையில் நிற்கின்றது. மனிதன் எவ்வாறு உழைக்கின்றான் என்பதிலிருந்து மாத்திரமன்றி, எவ்வாறு விளையாடுகின்றான் என்பதிலிருந்தும் அவன் வாழும் காலத்தின் இயல்பை அறியலாம்.

இன்று இளைஞரின் ஓய்வுநேரத்திற் பெரும்பங்கைத் தனதாக்கிக்கொண்டு நிற்பது வீடியோ விளையாட்டாகும். கணினியிலும் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் பொறியிலும் கைத்தொலைபேசியிலும் அது ஆடப்படுகின்றது. அதனைப் பற்றி நம்மிடையே கேட்கும் குரல்கள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, பிள்ளைகள் கெட்டொழிந்தனர் எனப் புலம்பும் பெற்றோர் ஆசிரியரது குரல். மற்றையது, புதிய ஆட்டம் ஒவ்வொன்றையும் ஒப்புயர்வற்றதெனப் பறைசாற்றும் வணிகரது குரல். இவ்விரண்டினும் திறனாய்வு இல்லை. நாவலும் திரைப்படமும் புதியனவாய் வந்த காலத்தும் இத்தகைய கண்டனமும் முழக்கமுமே முதலில் எழுந்தன. நல்ல நாவல் எது, தீய நாவல் எது என வேறுபடுத்திக் காட்டும் அளவுகோல் பின்னரே உருவாயிற்று. வீடியோ விளையாட்டுக்கும் அத்தகைய அளவுகோல் ஒன்று வேண்டப்படுகின்றது.

ஓர் ஆட்டம் முடிகின்றதா, அன்றி முடியாது நீள்கின்றதா என்னும் வினா அவ்வளவுகோலாக அமையத்தக்கது. முடிவென்பது வெறும் நிறுத்தம் அன்று. துன்பியல் நாடகத்தை ஆராய்ந்த அரித்தோத்தில், முழுமையுடைய பொருள் தொடக்கம், இடை, முடிவு என்னும் மூன்றும் உடையதாகும் என்றார். சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் நாடகப் போக்கை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என ஐந்தாகக் கொண்டு, அவற்றை உழவுத் தொழிலோடு பொருத்தி விளக்குவர். உழுத நிலத்தில் இட்ட வித்து முளைத்துக் கருக்கொண்டு விளைய, விளைந்ததை அறுத்து உண்பதே துய்த்தல். அறுவடை இல்லாத உழவினை யாரும் உழவெனக் கொள்ளார். கலையும் அத்தகையதே. முடிவினை எய்தும்போதுதான் அதுவரை நிகழ்ந்தனவெல்லாம் ஒரு பொருளாகத் திரண்டு சுவைப்போனது உடைமையாகின்றன.

வீடியோ விளையாட்டின் வரலாறு முடிவின்மையோடுதான் தொடங்கிற்று. 1972 இல் அமெரிக்காவின் அற்றாரி நிறுவனம் வெளியிட்ட 'பொங்', நாணயமிட்டு ஆடும் பொறியாக மதுச்சாலைகளிலும் கேளிக்கைக்கூடங்களிலும் வைக்கப்பட்டது. 1978 இல் யப்பானியரான தொமொகிரோ நிசிகாடோ ஆக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் ஆட்டத்தில், வானிலிருந்து பகைவர் அணியணியாக இறங்குவர். அவருட் பலர் வீழ எஞ்சியோர் விரைந்து வருவர். ஓரணி முழுவதும் அழிந்தால் மற்றோரணி தோன்றும். வெல்லுதல் என்பது அவ்வாட்டத்தில் இல்லை. தோல்வியைத் தள்ளிப்போடுதலே உண்டு. தோற்றவன் மீண்டும் ஒரு நாணயம் இடவேண்டும். எனவே அம்முடிவின்மை கலைநோக்கத்தாற் பிறந்ததன்று, நாணயப்பெட்டியை நிரப்பும் நோக்கத்தாற் பிறந்ததாகும்.

ஆயினும் கலைஞர் சிலர் அக்கட்டினுள்ளும் பொருள் கண்டனர். 1980 இல் அற்றாரி வெளியிட்ட 'மிசைல் கொமாண்ட்' என்னும் ஆட்டத்தில், வானினின்று வீழும் ஏவுகணைகளினின்றும் ஆறு நகரங்களைக் காத்தல் ஆடுவோனது கடமை. எத்துணைத் திறமையோடு ஆடினும் ஈற்றில் நகரங்கள் யாவும் அழிந்தே தீரும். ஏனைய ஆட்டங்களில் 'ஆட்டம் முடிந்தது' என்று வரும் இடத்தில், இதில் 'முடிவு' என்னும் பொருள்படும் சொற்களே திரையில் எழும். அணுப்போரில் வென்றவர் எவருமில்லை என்னும் உண்மையை அவ்விரு சிறு சொற்கள் உணர்த்திவிட்டன. முடிவு எத்துணை ஆற்றலுடையதென்பதற்கு இது முதற்சான்றுகளுள் ஒன்றாகும்.

பொறிகள் இல்லங்களுள் நுழைந்தபின் நாணயப்பெட்டியின் ஆட்சி தளர்ந்தது. ஒருமுறை விலைகொடுத்து வாங்கியவனை மீண்டும் மீண்டும் தோற்கடித்துப் பெறும் ஊதியம் இல்லையாயிற்று. ஆதலின் 1985 இல் வந்த 'சூப்பர் மாரியோ பிறதர்ஸ்' எட்டு உலகங்களைக் கடந்து இளவரசியை மீட்பதோடு நிறைவெய்தியது. அடுத்த ஆண்டில் வந்த 'த லெஜெண்ட் ஒவ் செல்டா'வும் ஒரு பயணமாய்த் தொடங்கி ஒரு பயணமாய் முடிந்தது. கதையுள்ள ஆட்டம் நாவலைப் போன்று நூலடுக்கில் வைக்கத்தக்க ஒரு படைப்பாக மாறியது இக்காலத்தேயாம்.

இருபத்தோராம் நூற்றாண்டில் முடிவின்மை மீண்டும் அரியணை ஏறியது. 2004 இல் தொடங்கிய 'வேர்ள்ட் ஒவ் வோர்கிராப்ற்' திங்கள்தோறும் சந்தா செலுத்தி வாழும் ஓர் உலகத்தை அமைத்தது. 2006 இல் 'ஒப்ளிவியன்' என்னும் ஆட்டத்தின் வெளியீட்டாளர், குதிரைக்கு அணிவிக்கும் கவசம் ஒன்றை இரண்டரை டொலருக்குத் தனியே விற்றனர். ஆடுவோர் அதனை எள்ளி நகையாடினர். ஆயினும் அன்று நகைப்புக்கிடமான குதிரைக்கவசமே இன்று ஒரு பெருவணிகத்தின் முன்னோடியாகக் காட்சியளிக்கின்றது. 2017 இல் எபிக் நிறுவனம் வெளியிட்ட 'போட்நைற்' ஆட்டம் யாவர்க்கும் இலவசம். அதன் ஊதியம் உடைகளாலும் அணிகளாலும், பருவந்தோறும் விற்கப்படும் நுழைவுச்சீட்டுக்களாலும் வருவதாகும்.

இவ்வகை ஆட்டங்கள் ஆடுவோனைப் பிணிக்கும் முறை ஆராயத்தக்கது. நாள்தோறும் வருவோர்க்கு நாட்பரிசு உண்டு. ஒருநாள் தவறின் அது கைநழுவும். பருவம் முடியுமுன் பெறாத அணிகலன் பின்னர் எளிதிற் கிடையாது. உள்ளே என்ன உண்டெனத் தெரியாத பெட்டிகள் விலைக்கு வைக்கப்படும். அரும்பொருள் ஒன்றைப் பெறுதற்கு அதே பகைவரை அதே இடத்தில் நூறுமுறை கொல்லவேண்டும். இச்செயலை ஆடுவோர் தாமே 'பார்மிங்', அதாவது வேளாண்மை, என்று அழைப்பது வியக்கத்தக்க பொருத்தமுடையது. அடியார்க்குநல்லார் கூறிய உழவின் நான்கு நிலைகளும் இங்கு உண்டு. துய்த்தல் ஒன்றே இல்லை. விளைந்தது கைக்கு வருமுன் அடுத்த பருவத்து நிலம் உழக் காத்துக்கிடக்கின்றது.

2019 ஒக்ரோபரிற் போட்நைற் ஆட்டத்தில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. அதற்கு இட்ட பெயரே 'முடிவு' என்பதாகும். இலட்சக்கணக்கானோர் நோக்கிநிற்க, அவ்வாட்டம் நிகழும் தீவு முழுவதும் ஒரு கருந்துளையினுள் மறைந்தது. அதன்பின் ஏறத்தாழ இரண்டு நாட்கள் திரையில் அக்கருந்துளையன்றி வேறொன்றும் இல்லை. உண்மையான முடிவாக இருந்திருப்பின், அக்கலையின் வரலாற்றிலே மறக்கவொண்ணாக் காட்சியாக அது நின்றிருக்கும். ஆனால் மூன்றாம் நாள் புதியதொரு தீவும் புதிய அணிகலன்களும் தோன்றின. ஆட்டம் முன்போல நடந்தது. முடிவுங்கூட விற்பனைக்கு ஒரு விளம்பரமாயிற்று. இறப்பை நடித்துக்காட்டி இழவுப்பணம் வாங்கியவனது செயல்போலும் இச்செயல்.

இப்போக்கின் விளைவுகள் கலைத்துறையின் எல்லையைக் கடந்துவிட்டன. 2018 இல் பெல்ஜிய நாட்டின் சூதாட்ட ஆணைக்குழு, பணங்கொடுத்து வாங்கும் மறைபெட்டிகளைச் சூதென்றே கொண்டது. 2021 இல் சீன அரசு, 18 வயதுக்குட்பட்டோர் இணையவழி ஆட்டங்களை வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய நாட்களிலும் விடுமுறை நாட்களிலும் இரவு 8 மணி முதல் 9 மணி வரை மாத்திரமே ஆடலாமென விதித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பகுப்புப் பட்டியலின் பதினோராம் பதிப்பு 2022 இல் நடைமுறைக்கு வந்தபோது, கட்டுப்பாடிழந்து ஆடுதல் ஒரு கோளாறாக அதில் இடம்பெற்றது. அதே ஆண்டு டிசெம்பரில், ஆடுவோரை விரும்பாத கொள்வனவுகளிற் சிக்கவைத்தமை பற்றிய வழக்கில், எபிக் நிறுவனம் 24 கோடி 50 இலட்சம் டொலரைத் திருப்பிக் கொடுக்க உடன்பட்டதாக அமெரிக்க வணிக ஆணைக்குழு அறிவித்தது. சட்டம் தீமையைத் தடுக்கலாம். சுவையை வளர்த்தல் சட்டத்தின் தொழிலன்று.

முடிவிலா ஆட்டத்தின் பெருங்குறை யாதெனின், அது முடிவதில்லையாயினும் சாகின்றது என்பதாம். 2024 ஓகஸ்ட் 23 இல் சோனி நிறுவனம் வெளியிட்ட 'கொன்கோட்' என்னும் ஆட்டம், பல்லாண்டு நிலைபெறுமாறு திட்டமிடப்பட்டதாகும். ஆடுவோர் போதிய அளவிற் சேராமையால், செப்ரெம்பர் 6 இல், அதாவது இரண்டே கிழமையில், அது மூடப்பட்டது. வாங்கியோர்க்குப் பணம் மீண்டது. பன்னாள் உழைத்த கலைஞரின் படைப்போ உலகினின்றும் மறைந்தது. 2014 இல் வெளிவந்த 'த குரூ' என்னும் காரோட்ட ஆட்டத்தை அதன் உரிமையாளர் 2024 மார்ச்சில் நிறுத்தியபோது, விலைகொடுத்து வாங்கியவரும் அதனை ஆடமுடியாதவராயினர். இதனை எதிர்த்து எழுந்த இயக்கம் ஐரோப்பிய ஒன்றியத்திடம் அளிக்கவிருந்த கோரிக்கையிற் 2025 யூலையில் 10 இலட்சத்திற்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். 1985 இல் முடிந்துபோன மாரியோ இன்றும் ஆடப்படுகின்றான்; முடிவற்றதெனப் பிறந்த கொன்கோட்டோ பதினான்கு நாளில் மாண்டது. முடிவு பெற்ற படைப்பு வாழ்கின்றது. முடிவு மறுக்கப்பட்டது மடிகின்றது. இம்முரண் எண்ணிப் பார்த்தற்குரியது.

இவ்விடத்து ஒரு தடை எழலாம். சதுரங்கத்திற்கு முடிவு உண்டா? சீட்டாட்டமும் கிளித்தட்டும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வன அல்லவா? முடிவின்மை குற்றமாயின் இவையும் குற்றமுடையனவோ என வினவுதல் கூடும். இதற்கு விடை எளிது. சதுரங்கம் முடிவதில்லை, ஆனால் ஒவ்வொரு சதுரங்கப் போட்டியும் முடிகின்றது. காய்களைப் பெட்டியில் இட்டு மூடியபின் ஆடியவனுக்குக் கடனாக எதுவும் எஞ்சுவதில்லை. நாளை வாராவிடின் உன் குதிரையை இழப்பாய் எனச் சதுரங்கப்பலகை எவரையும் அச்சுறுத்துவதில்லை.

1984 இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் ஆக்கிய 'ரெட்ரிஸ்' இதற்கு நல்ல சான்று. வீழும் துண்டுகளை அடுக்கி வரிசையாக்கும் அவ்வாட்டத்திற்கு முடிவு வகுக்கப்படவில்லை. எனினும் அதன் ஒவ்வோர் ஆட்டமும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். 1989 இல் நின்ரெண்டோ நிறுவனம் வெளியிட்ட அதன் வடிவத்தை, 2023 டிசெம்பரில் அமெரிக்காவின் 13 வயதுச் சிறுவன் ஒருவன், நிரலே தடுமாறித் திரை உறைந்து நிற்கும்வரை ஆடினான். முப்பத்துநான்கு ஆண்டுகள் எவரும் காணாத எல்லையை ஒரு சிறுவன் கண்டான். அவனை அவ்விடத்திற்குக் கொண்டுசென்றது கைத்திறனேயன்றிக் காசன்று.

அண்மைக்காலத்தில் இம்மரபிற் சிறந்து தோன்றியது, 2024 பெப்ரவரியில் வெளிவந்த 'பலாற்றோ' ஆகும். கனடாவைச் சேர்ந்த ஒருவர், தம் இயற்பெயரை வெளியிடாது, பெரும்பாலும் தனித்தே ஆக்கிய ஆட்டம் இது. போக்கர் என்னும் சீட்டாட்டத்தின் சேர்க்கைகளை அடிப்படையாகக் கொண்டு, 150 வகைக் கோமாளிச் சீட்டுக்களின் துணையால் எண்ணிக்கையைப் பெருக்கிச் செல்லுதல் இதன் முறை. எட்டுப் படிகளை ஏறினால் வெற்றி. ஒரு சீட்டு மற்றொன்றின் பயனை இரட்டிக்க, அது மூன்றாவதைத் தூண்ட, எண்கள் எரிந்து எழும்போது ஆடுவோன் பெறும் இன்பம், கணக்கொன்று எதிர்பாரா வழியில் விடைகாணும்போது மாணவன் பெறும் இன்பத்தை ஒத்தது. எட்டாம் படிக்குப் பின் விரும்பியோர் எல்லையின்றித் தொடரலாம் எனினும், வெற்றி முன்னரே அறிவிக்கப்பட்டுவிடுகின்றது. 'இன்னும் ஒரே ஒருமுறை' என நள்ளிரவுவரை இழுக்கும் கவர்ச்சி இதற்கும் உண்டென்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஆனால் உள்ளே விற்பனைக்கு ஒன்றுமில்லை.

இவ்வாட்டத்திற்கு ஐரோப்பாவின் வயதுத்தர அமைப்பு, சூதாட்டச் சாயல் உண்டெனக் கருதி 18 வயதென எல்லை வகுத்தது. மெய்ப்பணத்திற்கு மறைபொதிகளை விற்கும் கால்பந்து ஆட்டமொன்றோ மூன்று வயதுக் குழந்தைக்கும் ஏற்றதென அதே அமைப்பாற் குறிக்கப்பட்டிருந்தது. 2025 பெப்ரவரியிற் பலாற்றோவின் எல்லை 12 வயதாகத் திருத்தப்பட்டது. சீட்டின் உருவத்தைக் கண்டு அஞ்சிச் சூதின் உள்ளத்தைக் காணத் தவறிய இந்நிகழ்ச்சி, திறனாய்வு இல்லாவிடத்துத் தடை எவ்வாறு தடுமாறும் என்பதைக் காட்டுகின்றது.

முடிவற்ற ஆட்டங்கள் யாவும் தீயன என்றலும் பொருந்தாது. 2020 மார்ச்சில், பெருந்தொற்றால் உலகம் வீட்டினுள் அடைபட்ட வேளையில் வந்த 'அனிமல் குரொசிங்: நியூ ஹொரைசன்ஸ்', தீவொன்றிற் செடி நட்டு மீன்பிடித்து அயலாரோடு உரையாடும் அமைதியான ஆட்டம். பிரிந்திருந்த நண்பர் பலர் அத்தீவுகளிற் சந்தித்தனர். அதன் காலம் மெய்யுலகின் மணிக்கூட்டோடு இயைந்து செல்லும். இரவு 10 மணிக்குக் கடை மூடப்படும். இன்று நட்ட செடி நாளையே வளரும். இன்றைக்கு இது போதும் என அவ்வாட்டமே சொல்லிவிடுகின்றது. முற்றாக முடியாவிடினும் நாள்தோறும் ஆடுவோனை விடுவிக்கும் பண்பு அதற்குண்டு.

இனி, முடிவையே தம் உயிராகக் கொண்ட மூன்று படைப்புக்களை நோக்கலாம். முதலாவது, 2017 இல் வெளிவந்த 'வட் றிமெயின்ஸ் ஒவ் எடித் பிஞ்ச்'. இரண்டு மணிநேர அளவில் முடியும் சிறு படைப்பு இது. ஒரு குடும்பத்தின் கடைசிப் பெண், கைவிடப்பட்ட தன் பழைய வீட்டிற்கு மீண்டு, முன்னோர் ஒவ்வொருவரும் இறந்த கதையை அவரவர் அறையிலே அறிகின்றாள். அவற்றுள் மீன்பதனிடும் தொழிற்சாலையில் வேலைசெய்த லூயிஸ் என்னும் இளைஞனின் கதை ஒப்பற்றது. ஆடுவோனது வலக்கை ஒவ்வொரு மீனாக எடுத்து வெட்டுப்பொறியில் தலையைத் துணித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். அதேவேளை இடக்கை, லூயிசின் கற்பனை நாட்டில் ஒரு வீரனை நடத்திச் செல்லும். முதலிற் சிறு புள்ளியாகத் தோன்றிய கற்பனை வளர்ந்து திரை முழுவதையும் மூடுகின்றது. வலக்கையோ பழக்கத்தால் மீனை வெட்டியவாறே உள்ளது. கற்பனை அரசனுக்கு முடிசூட்டும் கணமே தொழிலாளியின் உயிர் பிரியும் கணமாகின்றது. சலிப்பூட்டும் உழைப்பில் மனம் எவ்வாறு உடலைவிட்டுப் பிரிகின்றது என்பதை நாவல் வருணிக்கலாம், திரைப்படம் காட்டலாம். ஆடுவோனது இரு கைகளையும் பிரித்து அதனை அவனே செய்யுமாறு வைத்தல் இக்கலைக்கே இயலும். அன்றியும், பயனின்றி அதே செயலை மீட்டும் மீட்டும் செய்யவைக்கும் வேறு ஆட்டங்களைப் பற்றிய மறைமுகமான தீர்ப்பாகவும் இக்காட்சி நிற்கின்றது.

இரண்டாவது, 2019 இல் வந்த 'அவுற்றர் வைல்ட்ஸ்'. மாணவர் ஒருவரின் பல்கலைக்கழக ஆய்வுப்பணியாகத் தொடங்கிய இவ்வாட்டம், சிறு கோள்கள் சில சூழ்ந்த ஒரு ஞாயிற்றுத் தொகுதியில் நிகழ்கின்றது. மரத்தாலான ஓடத்தில் விண்ணிற் புறப்பட்ட ஆடுவோன், 22 நிமிடங்களில் ஞாயிறு வெடித்துச் சிதற, அனைத்தோடும் அழிகின்றான். மீண்டும் தொடக்கத்திற் கண் விழிக்கின்றான். இவ்வட்டத்தில் அவன் பொருள் எதனையும் சேர்க்கமுடியாது. படைக்கலமோ வலிமையோ வளர்வதில்லை. வளர்வது அவனது அறிவு ஒன்றே. அழிந்துபோன ஒரு பழங்குலத்தார் சுவர்களிற் சுருள்சுருளாக எழுதிவைத்த உரையாடல்களைப் படித்து, ஏன் இவ்வாறு நிகழ்கின்றது என்பதை அவன் சிறிது சிறிதாகத் தெளிகின்றான். முதல் நாளில் எட்டமுடியாதிருந்த இடம் இருபதாம் நாளில் எட்டப்படுவது, கதவு திறந்தமையால் அன்று, காண்போன் கற்றமையால்.

அவன் முதலில் தேடுவது ஞாயிற்றைக் காக்கும் வழியை. ஆனால் அறியவருவது வேறு. ஞாயிறு எவரது பிழையாலும் அழியவில்லை, முதுமையால் அழிகின்றது. பேரண்டமே தன் இறுதியை அடைந்துவிட்டது. காத்தற்கு ஒன்றுமில்லை, ஏற்றுக்கொள்ளுதலே உண்டு. ஈற்றில், விண்வெளியிற் சிதறிக்கிடந்த பயணியர் ஒரு தீக்குவையைச் சூழ்ந்து கூடித் தத்தம் இசைக்கருவியால் ஒரே பண்ணை இசைக்கின்றனர். அதன்பின் அனைத்தும் ஒடுங்கிப் புதியதோர் அண்டம் பிறக்கின்றது. அவலமும் அமைதியும் கலந்த இம்முடிவு, காண்போனது உள்ளத்தை நெடுநாள் விட்டு நீங்காதது. மறைபொருளை ஒருமுறை அறிந்தவன் அவ்வாட்டத்தை முதன்முறைபோல மீண்டும் ஆடமுடியாது. வணிகன் இதனைக் குறையென்பான். கலைஞனுக்கோ இதுவே பெருமை.

மூன்றாவது, 2025 ஏப்பிரலில் வெளிவந்த 'கிளேர் ஒப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33'. பிரான்ஸின் மொன்பெலியே நகரில் ஏறத்தாழ 30 பேர் கொண்ட குழுவை மையமாகக் கொண்டு உருவான இவ்வாட்டம், அவ்வாண்டின் முதன்மை ஆட்டத்திற்கான விருதினை 'த கேம் அவோட்ஸ்' விழாவிற் பெற்றது. பெயரின் முற்பகுதி, ஒளியையும் நிழலையும் எதிரெதிர் வைத்து வரையும் ஓவியமுறையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லாகும். கடலுக்கப்பால் உயர்ந்து நிற்கும் கற்றூணில் ஓவியப்பெண் ஒருத்தி ஆண்டுக்கொருமுறை ஓர் எண்ணை எழுதுகின்றாள். அவ்வயதினர் யாவரும் மலரிதழாகவும் புகையாகவும் மறைகின்றனர். ஆண்டுதோறும் எண் ஒன்று குறைகின்றது. இன்னும் ஓராண்டே வாழ்வுடையோர் சிலர், அவளை அழித்து அடுத்த தலைமுறையைக் காக்கப் புறப்படுகின்றனர். துறைமுகத்திற் கூடிநின்று மறைவோர்க்கு விடைகொடுக்கும் முதற்காட்சியே இவ்வாட்டத்தின் உயரிய காட்சிகளுள் ஒன்று.

கதை வளர, அவ்வுலகம் முழுவதும் ஓர் ஓவியம் எனத் தெரியவருகின்றது. தீயில் இறந்த மகன் வெர்சோ தீட்டிய ஓவியத்தினுள் அவன் தாய் புகுந்து, துயரத்தால் வெளிவர மறுத்து வாழ்கின்றாள். அவளை மீட்க விரும்பும் தந்தை அவ்வோவியத்தை அழிக்க முயல்கின்றான். பயணியருள் ஒருத்தியாகிய மயேல், உண்மையில் அக்குடும்பத்தின் மகள். இறுதியில் ஆடுவோன் இருவருள் ஒருவரைத் தேர்தல் வேண்டும். வெர்சோவின் ஓவியவுருவைத் தேர்ந்தால், ஓவியம் தீட்டிக் களைத்துப்போன சிறுவனின் உயிர்த்துணுக்கு ஓய்வுபெற, அவ்வுலகம் முடிகின்றது. குடும்பம் கல்லறையருகே நின்று துயரத்தை ஏற்கின்றது. மயேலைத் தேர்ந்தால், அவ்வுலகம் தொடர்கின்றது. மறைந்தோர் மீள்கின்றனர், அரங்கு நிறைகின்றது, வாழ விரும்பாத வெர்சோவோ பியானோவின் முன் அமர்த்தப்படுகின்றான். மயேலின் முகத்தில் வண்ணக்கறை தோன்றுகின்றது. அவள் தன்னை இழந்துகொண்டிருக்கின்றாள்.

முடிவுள்ள ஆட்டமா, முடிவிலா ஆட்டமா என்னும் வினாவையே ஓர் ஆட்டம் தன் கதைப்பொருளாக்கிக்கொண்டமை இங்குக் காணத்தக்கது. துயரத்திற்கு அஞ்சி வண்ண உலகொன்றினுள் ஒளிந்துகொள்ளுதல் யாருடைய நிலை? அது கதைமாந்தரின் நிலை மாத்திரமன்று; திரையின் முன் அமர்ந்திருப்போனது நிலையுமாம். குறைகளும் இதன்கண் இல்லாமலில்லை. மூன்றாம் பகுதியிற் பக்கவழிகளில் நெடிது அலைந்தவன் மிக்க வலிமை பெற்றுவிடுதலின், இறுதிப்போர் எளிதாகிச் சுவை குன்றுகின்றது. அணிகளைப் பொருத்தும் கணக்குகள் சிலவேளை கதையின் ஓட்டத்தைத் தடுக்கின்றன. இவற்றினும் பெரிய குறை, ஓவியத்துள் வாழும் மாந்தரின் அழிவோ வாழ்வோ தீர்மானிக்கப்படும் கணத்தில் அவர்க்குப் பேச வாய்ப்பு மிகக் குறைவாக இருத்தலாகும். முப்பது மணிநேரம் தோளொடு தோள் நின்ற தோழியரின் குரல் அங்குக் கேட்டிருப்பின், தேர்வு இன்னும் கடினமானதாய், இன்னும் உண்மையானதாய் அமைந்திருக்கும். ஆயினும் எதைத் தேர்ந்தாலும் இழப்பு உண்டென உணர்த்தி, ஆடுவோனையே அதற்குப் பொறுப்பாளி ஆக்கும் துணிவு போற்றற்குரியது.

ஆக்கலும் காத்தலும் அழித்தலும் இறைவனது முடிவற்ற விளையாட்டெனக் கம்பர் தம் காவியத் தொடக்கத்திற் கண்டார். முடிவற்ற விளையாட்டு முடிவற்றவனுக்கே உரியது. நாட்கள் எண்ணப்பட்ட மாந்தர்க்கு முடிவுள்ள விளையாட்டே பொருந்துவது. நம் மாணவனுக்கும் மாலைப்பொழுதுகள் எண்ணப்பட்டனவே. அவற்றைப் பெற்றுக்கொண்டு ஓர் ஆட்டம் அவனுக்குத் திருப்பித் தருவது யாது என்று கேட்கும் உரிமை ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உண்டு. ஆனால் அவ்வினாவை நேர்மையாகக் கேட்க வேண்டுமாயின், எல்லாவற்றையும் ஒரே குப்பையெனத் தள்ளுதல் ஆகாது. பலாற்றோவையும் மறைபெட்டி வணிகத்தையும் ஒன்றெனக் காணும் ஆசிரியரின் கண்டனத்தை மாணவன் மதிக்கமாட்டான். அவன் அவற்றின் வேற்றுமையை முன்னரே அறிவான். நல்லதைச் சுட்டிக்காட்ட வல்லவரது கண்டனமே மாணவனது செவியில் ஏறும்.

தமிழில் 'விடை' என்னும் சொல் இருபொருள் உடையது. வினாவுக்கு உரைக்கும் மறுமொழியும் விடை. பிரிவோர்க்கு நல்கும் இசைவும் விடை. நல்ல ஆட்டம் இரண்டு விடைகளையும் தருகின்றது. தான் எழுப்பிய வினாவுக்கு விடை தந்தபின், ஆடியவனுக்கும் விடை தந்து அவனது உலகிற்கு அனுப்பிவைக்கின்றது. வினாவும் எழுப்பாது, போகவும் விடாது, கதவருகே நின்று நாளைய பரிசைக் காட்டி அழைக்கும் ஆட்டம் எத்துணை அழகுடையதாயினும் கலையெனப்படும் தகுதியை அடையாது. ஆட்டம் முடிந்து எழுந்தவன், அமர்ந்தபோது இருந்ததினும் சிறிதேனும் வளர்ந்தவனாய் எழுகின்றானா என்பதே இறுதி உரைகல் என்க.